வெனிஸ் நகரில் பூத்த காதல்

காதல் படம் என்றால் கதாநாயகிக்கு வயது பதினெட்டு, இருபது இருக்கும். அவள் பாடுவாள்; ஆடுவாள். கதாநாயகன் அவளைச் சுற்றிச் சுற்றி வருவான். கடைசியில் கல்யாணம் நடக்கும். கல்யாணம் ஆகாத அக்காளோ, அத்தையோ கதையில் இருந்தால் சிரிப்பு மூட்ட வருவாள். இல்லாவிட்டால் தியாகம் செய்துவிட்டுப் போவாள்.

அந்த அக்காளுக்கும் ஒரு மனம் உண்டு. அந்த மனத்திலும் ஆசை உண்டு என்று எடுத்துச் சொன்ன படங்கள் குறைவு. அப்படிச் சொன்ன ஒரு படம் 1955-ம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பெயர் "சம்மர்டைம்". "கோடைக் காலம்" என்று பொருள்.

படத்தை எடுத்தவர் டேவிட் லீன் என்ற இங்கிலாந்து டைரக்டர். கதாநாயகியாக நடித்தவர் அமெரிக்க நடிகை காதரின் ஹெப்பர்ன். படப்பிடிப்பு நடந்த 1954-ம் ஆண்டுக் கோடையில் அவருக்கு வயது 47. வயதை மறைக்க அவர் முயலவில்லை. கழுத்துச் சுருக்கமும் கண்ணோரக் கோடுகளும் தெரிய, வண்ணப் படத்தில், பட்டப் பகல் வெயிலில் நடித்தார்.

காமிராவும் கையுமாக

கதாநாயகியின் பெயர் ஜேன் ஹட்சன். அமெரிக்காவில் ஓகியோ மாநிலத்து ஆக்ரன் நகரைச் சேர்ந்தவள். ரப்பர் டயர் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே அவள் காரியதரிசி வேலை பார்க்கிறாள். திருமணம் ஆகவில்லை. இளமையும் போய்விட்டது.

நெடுநாளாக அவள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தாள். வெனிஸ் நகரை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

வெனிஸ், இத்தாலி நாட்டில், கடலோர உப்பங்கழியில் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகள். அவற்றை இணைக்கச் சுமார் 400 பாலங்கள். அங்கே தெருவுக்குப் பதில் கால்வாய். காருக்குப் பதில் படகு. பஸ் கூடப் படகுதான்! கரையில் இருந்து அந்த ஊருக்கு 1846-ம் ஆண்டில் பாலம் கட்டி ரெயில் விட்டார்கள். அந்தப் பாலத்தில் ஜேன் வரும் ரெயில் ஓடுகிறது. படம் தொடங்குகிறது.

அவள் கையில் ஒரு சிறு சினிமா காமிரா. கண்ணில் பட்டதை எல்லாம் படம் பிடிக்கிறாள். கோபுரம், புறா, படகு, கைகோத்துப் போகும் ஜோடிகள் எல்லாம் அவள் காமிராவுக்குள் போகின்றன. மற்றவர்கள் வாழ்கிறார்கள். அவள் அதைப் படம் பிடிக்கிறாள்.

ஒரு விதவை அம்மாள் நடத்தும் சிறிய விடுதியில் ஜேன் தங்குகிறாள். அங்கே இன்னும் சில அமெரிக்கர்கள் தங்கியிருக்கிறார்கள். எல்லாரும் ஜோடி ஜோடியாக வந்தவர்கள். மாலையில் அவர்கள் கிளம்பிப் போகும்போது, "நீங்களும் வாருங்கள்" என்று தன்னை அழைக்க மாட்டார்களா என்று அவள் ஏங்குகிறாள். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் சிரித்துப் பேசுகிறாள். அவர்கள் போன பிறகு, மாடத்தில் தனியாக நிற்கிறாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மறைகிறது. இந்த இடத்தில் வசனம் இல்லை. ஹெப்பர்னின் முகம் ஒன்றே பேசுகிறது.

அவளுக்கு அங்கே கிடைத்த ஒரே துணை ஒரு தெருப் பையன். பெயர் மவுரோ. வெளியூர்க்காரர்களிடம் படக் கார்டுகளும் சில்லறைச் சாமான்களும் விற்றுப் பிழைப்பவன்.

காலி நாற்காலி

வெனிஸ் நகரின் நடுவில் செயிண்ட் மார்க் சதுக்கம் இருக்கிறது. மாலையில் ஊரே அங்கே கூடும். காப்பிக் கடைகளின் மேசை நாற்காலிகள் வெட்டவெளியில் கிடக்கும். வாத்திய கோஷ்டி இசைக்கும்.

அங்கே ஒரு மேசையில் ஜேன் தனியே உட்கார்ந்து படம் பிடிக்கிறாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன்னையே பார்ப்பது அவளுக்குத் தெரிகிறது. நெஞ்சு படபடக்கிறது. கறுப்புக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, அவசர அவசரமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறாள்.

மறு தடவை அதே சதுக்கத்துக்கு வருகிறாள். தனியாக வந்தவள் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஆகவே பக்கத்து நாற்காலியை மேசை மேல் சாய்த்து வைக்கிறாள். யாருக்காகவோ காத்திருப்பது போல ஒரு பாவனை! அந்த மனிதர் அப்போது வருகிறார். சாய்ந்திருக்கும் நாற்காலியைப் பார்க்கிறார். யாரோ துணைக்கு வரப் போகிறார் என்று எண்ணி, மரியாதையாக விலகிப் போய்விடுகிறார்.

அவள் எழுந்து கூப்பிட நினைக்கிறாள். வாய் வரவில்லை. தன் மானத்தைக் காக்கச் செய்த காரியமே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. தனியாக வாழும் பெண்கள் எத்தனையோ பேர் இப்படி ஒரு நாற்காலியைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஊர் சிரிக்குமே என்ற பயம்தான் காரணம்.

சிவப்புக் கிண்ணம்

அந்த மனிதரின் பெயர் ரெனாட்டோ. பழம்பொருள் கடை வைத்திருக்கிறார். இத்தாலிய நடிகர் ரொசானோ பிராசி இந்த வேடத்தில் நடித்தார்.

ஜேன் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் சிவப்புக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைப் பார்த்து மயங்குகிறாள். உள்ளே போனால், கடைக்காரர் அவர்தான்! கிண்ணத்தை அவளுக்கு விற்கிறார். பேரம் பேச வேண்டும் என்று அவரே சொல்லி, அவரே விலையையும் குறைக்கிறார். இதற்கு ஜோடிக் கிண்ணம் தேடித் தருவதாகவும் சொல்கிறார்.

வெனிஸ் கண்ணாடி உலகப் புகழ் பெற்றது. உலைகளால் ஊரில் தீப்பிடிக்கும் என்று பயந்து, 1291-ம் ஆண்டில் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளைப் பக்கத்தில் உள்ள முரானோ தீவுக்கு மாற்றியது. இன்றும் அங்கே அந்தத் தொழில் நடக்கிறது.

விடுதியில் தங்கிய வேறு ஒரு அமெரிக்கத் தம்பதி அந்தத் தீவுக்குப் போய், அதே மாதிரிச் சிவப்புக் கிண்ணங்களை வாங்கி வருகிறார்கள். எல்லாம் புத்தம் புதியவை! ஜேனுக்கு முகம் வாடிவிடுகிறது. பழம்பொருள் என்று சொல்லித் தன்னை ஏமாற்றிவிட்டாரா? ஒரே அச்சில் பல நூறு ஆண்டுகளாகச் செய்கிறார்கள், உன்னுடையது பழையதுதான் என்கிறார் ரெனாட்டோ.

அவர் சொன்னது உண்மையா, பொய்யா? படம் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தக் கிண்ணத்தைப் போலவே அவருடைய காதலும் நிற்கிறது. அசலா, போலியா என்று அவளே தீர்மானிக்க வேண்டும்.

கால்வாயில் விழுந்தார்

ரெனாட்டோவின் கடையைப் படம் பிடிக்க ஜேன் காமிராவுடன் வருகிறாள். கடை முழுவதும் படத்தில் விழ வேண்டுமே! பின்னால் ஒரு அடி வைக்கிறாள். இன்னும் ஒரு அடி. தொபுக்கடீர் என்று கால்வாயில் விழுகிறாள்!

தியேட்டரில் சிரிப்பு எழும் இடம் இது. நடித்தவருக்கு அது சிரிப்பாக இல்லை. வெனிஸ் நகரின் கால்வாய்த் தண்ணீர் சுத்தமானது அல்ல. ஆனாலும் ஹெப்பர்ன், தனக்குப் பதில் வேறு ஆளை விழவிட்டுப் படம் எடுக்கச் சம்மதிக்கவில்லை. தாமே விழுந்தார். அதனால் அவருக்குக் கண்ணில் நோய் கண்டது. அந்தத் தொல்லை ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை.

இந்தக் காட்சி எடுக்கப்பட்ட இடம், வெனிஸ் நகரில் உள்ள சான் பர்னபா சதுக்கம்.

வெள்ளைப் பூ

அன்று மாலை ரெனாட்டோ விடுதிக்கே தேடி வருகிறார். இருவரும் சதுக்கத்துக்குப் போய்ச் சங்கீதம் கேட்கிறார்கள். பூக்காரி வருகிறாள். எந்தப் பூ வேண்டும் என்று அவர் கேட்க, ஜேன் கார்டீனியாப் பூ ஒன்றை எடுக்கிறாள். நல்ல மணம் உள்ள வெள்ளைப் பூ அது. சிறு வயதில் நடன விருந்துக்கு அந்தப் பூவைச் சூடிப் போக ஆசைப்பட்டாளாம். அன்று அது கிடைக்கவில்லை. ஒரு பூ கிடைப்பதற்கு அவளுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின!

கிடைத்த பூவும் கையில் நிலைக்கவில்லை. பாலத்தின் மேல் நிற்கும்போது தவறித் தண்ணீரில் விழுகிறது. ரெனாட்டோ கரையில் படுத்துக் கையை நீட்டுகிறார். எட்டவில்லை. பூ மிதந்து போய்விடுகிறது.

மறுநாள் ஜேன் புது உடை வாங்குகிறாள். சிவப்புச் செருப்பு வாங்குகிறாள். தலையலங்காரம் செய்துகொள்கிறாள். கையில் காமிரா இல்லை! ஊரைப் படம் பிடிக்க வந்தவள், அன்று ஊரில் ஒருத்தியாக நடந்து போகிறாள்.

தலையில் இடி

சதுக்கத்தில் அவள் காத்திருக்கிறாள். ரெனாட்டோ வரவில்லை. கடையில் அவள் முன்பே பார்த்த வாலிபன் ஒருவன் வருகிறான். ரெனாட்டோ வரத் தாமதம் ஆகும் என்று சொல்ல வந்தவன் அவன். பேச்சுவாக்கில் உண்மை வெளியாகிறது. அவன் ரெனாட்டோவின் மகன்! ரெனாட்டோவுக்கு மனைவியும் உண்டு, குழந்தைகளும் உண்டு.

ஜேன் நொறுங்கிப் போகிறாள். ரெனாட்டோவைக் கண்டதும் கோபத்தைக் கொட்டுகிறாள். அவரோ, மனைவியும் தானும் பிரிந்து வாழ்வதாகச் சொல்கிறார். பசித்திருக்கும் குழந்தை, தட்டில் வைத்த பலகாரத்தைத் தள்ளிவிட்டு, வேறு உணவு வேண்டும் என்று அடம் பிடிப்பது போல நீ செய்கிறாய் என்றும் சொல்கிறார்.

இது நியாயமா? பசி என்பதற்காக எதை வேண்டுமானாலும் சாப்பிடலாமா? படம் பார்க்கும் யாருக்கும் இந்தக் கேள்வி எழும். எழ வேண்டும் என்றுதான் காட்சியை அப்படி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் இத்தாலியில் விவாகரத்துச் சட்டமே கிடையாது. மனம் ஒட்டாமல் பிரிந்து வாழும் கணவனும் மனைவியும், சாகும் வரை சட்டப்படி கணவன் மனைவிதான். 1970-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில்தான் அங்கே விவாகரத்துச் சட்டம் வந்தது. அதை ஒழிக்க வேண்டும் என்று 1974-ம் ஆண்டில் பொது வாக்கெடுப்பு நடந்தது. சட்டம் இருக்கட்டும் என்றே பெரும்பான்மை மக்கள் ஓட்டுப் போட்டார்கள்.

ஆகவே 1954-ம் ஆண்டு ரெனாட்டோ, ஜேனை மணக்க நினைத்தாலும் மணக்க முடியாது. இது ஜேனுக்கும் தெரியும். தெரிந்தும் அவருடன் போகிறாள். வானத்தில் வாணவேடிக்கை வெடிக்கிறது. மாடத்தில் அவளுடைய சிவப்புச் செருப்பு ஒன்று மட்டும் கிடக்கிறது. அதற்கு மேல் டைரக்டர் எதையும் காட்டவில்லை.

அவ்வளவுக்கே அமெரிக்காவில் எதிர்ப்பு வந்தது. மணமான ஒருவரோடு காதல் என்பதை அங்குள்ள தணிக்கைக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். சில துண்டுகளை வெட்டிய பிறகே படத்துக்கு அனுமதி கிடைத்தது.

அவளே சொன்ன விடை

இருவரும் சில நாட்கள் இன்பமாகக் கழிக்கிறார்கள். புரானோ தீவுக்குப் போகிறார்கள். அங்கே மீனவர் வீடுகளுக்குப் பல நிறங்களில் வர்ணம் பூசியிருப்பார்கள். வானவில் வந்து விழுந்த தீவு அது என்கிறார் ரெனாட்டோ.

பிறகு ஒரு நாள் ஜேன் சொல்கிறாள்: இன்னும் 2 மணி நேரத்தில் நான் ஊருக்குப் புறப்படுகிறேன்!

ரெனாட்டோ திகைக்கிறார்; இருக்கும்படி கெஞ்சுகிறார். அவள் கேட்கவில்லை. விருந்துக்குப் போனால் எப்போது எழுந்து விடைபெற வேண்டும் என்பது தெரியாமல், அளவுக்கு மேல் தங்கிவிடுவதே தன் வழக்கம் என்கிறாள். இந்தத் தடவை, எப்போது எழ வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

படத்தின் உயிர்நாடி இந்த இடம்தான். அவளை யாரும் விரட்டவில்லை. அவர் கைவிடவும் இல்லை. வந்தவளும் அவளே; போகிறவளும் அவளே. இந்த அன்புக்கு வீடு வாசல் கிடையாது என்று அவள் கண்டுகொண்டாள். அந்த அன்பு பொய் என்றும் அவள் சொல்லவில்லை. அழுது புலம்பி விஷம் குடிக்கவும் இல்லை. ஊர் தூற்ற ஒடுங்கிப் போகவும் இல்லை. நிமிர்ந்த தலையோடு ரெயில் ஏறுகிறாள்.

ரெயில் நிலையத்துக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டாள். ஆனால் அவள் கண்கள் கூட்டத்தில் அவரைத் தேடுகின்றன. தெருப் பையன் மவுரோ வருகிறான். எப்போதும் காசு கேட்பவன், விற்கும் சாமான் ஒன்றைக் காசு வாங்காமல் அவள் கையில் கொடுக்கிறான்.

ரெயில் நகர்கிறது. ரெனாட்டோ ஒரு பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் ஓடி வருகிறார். அவள் கையை நீட்டுகிறாள். எட்டவில்லை. அவர் நின்று, பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்ததைத் தூக்கிக் காட்டுகிறார். அது ஒரு கார்டீனியாப் பூ.

பூ அவள் கைக்கு வரவே இல்லை. ஆனாலும் அவள் முகத்தில் சிரிப்பு. ரெயில் கண்ணுக்கு மறையும் வரை கையை ஆட்டிக்கொண்டே போகிறாள்.

நாடகமும் நடிகையும்

இந்தக் கதை முதலில் நாடகமாக வந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஆர்தர் லாரண்ட்ஸ் எழுதிய அந்த நாடகம் 1952-ம் ஆண்டில் நியூயார்க்கில் நடந்தது. கதாநாயகியாக ஷெர்லி பூத் நடித்துப் பரிசு பெற்றார். டேவிட் லீனும் எழுத்தாளர் எச்.ஈ.பேட்சும் சேர்ந்து அதைச் சினிமாவுக்கு ஏற்ப மாற்றினார்கள்.

ஹெப்பர்னின் சொந்த வாழ்க்கையும் ஏறக்குறைய இப்படித்தான். இளம் வயதில் ஒரு முறை திருமணம் செய்து, 1934-ம் ஆண்டில் விவாகரத்துப் பெற்றார். பிறகு நடிகர் ஸ்பென்சர் டிரேசியிடம் அன்பு கொண்டார். டிரேசி மணமானவர். மனைவியைப் பிரிந்து வாழ்ந்தாலும் அவர் விவாகரத்துச் செய்யவில்லை. இருவரும் 9 படங்களில் சேர்ந்து நடித்தார்கள். 1967-ம் ஆண்டில் டிரேசி இறக்கும் வரை அந்த அன்பு நீடித்தது. ஜேன் ஹட்சனின் தவிப்பை நடிக்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்திராது.

இந்தப் படத்துக்காக ஹெப்பர்னின் பெயரும், லீனின் பெயரும் ஆஸ்கார் பரிசுக்குச் சிபாரிசு செய்யப்பட்டன. அந்த ஆண்டு சிறந்த நடிகைப் பரிசு, இத்தாலிய நடிகை அன்னா மாக்னானிக்குப் போயிற்று. "தி ரோஸ் டாட்டூ" என்ற படத்தில் அவர் ஏற்ற வேடம், மீண்டும் காதல் கொள்ளும் ஒரு விதவை! நியூயார்க் சினிமா விமர்சகர்கள் 1955-ம் ஆண்டின் சிறந்த டைரக்டராக லீனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு ஹெப்பர்ன் ஆஸ்கார் பரிசுகளை அடுக்கினார். மொத்தம் நான்கு முறை சிறந்த நடிகைப் பரிசு பெற்றார். அவற்றில் மூன்று, வயது 60-ஐத் தொட்ட பிறகு கிடைத்தவை! 2003-ம் ஆண்டில், 96-ம் வயதில் காலமானார்.

நீலகிரிக்கு வந்தவர்

"சம்மர்டைம்" படத்துக்குப் பிறகு டேவிட் லீன் பிரம்மாண்டமான படங்களை எடுத்தார். 1957-ம் ஆண்டில் வெளிவந்த "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" படத்தை இலங்கையில் எடுத்தார். 1962-ம் ஆண்டில் வந்த "லாரன்ஸ் ஆப் அரேபியா" உலகம் எங்கும் ஓடியது. 1984-ம் ஆண்டில் வந்த "எ பாசேஜ் டு இந்தியா" அவருடைய கடைசிப் படம். அதில் வரும் மலை ரெயில், நம் நீலகிரி மலை ரெயில்தான்! அந்தக் கதையிலும் மணமாகாத ஒரு வெள்ளைக்காரப் பெண் ரெயில் ஏறி, அறியாத ஊருக்குப் போகிறாள். 1991-ம் ஆண்டில் லீன் காலமானார்.

யானையும் ஒட்டகமும் ஆயிரக்கணக்கான ஆட்களும் வரும் படங்களை எடுத்தவர், தம் படங்களில் தமக்கு மிகவும் பிடித்தது "சம்மர்டைம்" என்று சொல்லியிருக்கிறார். அதில் படை இல்லை, போர் இல்லை. ஒரு பெண், ஒரு காமிரா, ஒரு காலி நாற்காலி. அவ்வளவுதான்.

நம் வீடுகளிலும் ஜேன் ஹட்சன்கள் இருக்கிறார்கள். தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தவர்கள். தாய் தகப்பனைக் கவனித்தவர்கள். கல்யாண வீட்டில் அவர்கள் ஓடி ஓடி வேலை செய்வார்கள். "உனக்கு எப்போது?" என்று யாராவது கேட்டால், சிரித்து மழுப்புவார்கள். மணம் வேண்டும் என்றாலும், வேண்டாம் என்றாலும் முடிவு அவர்களுடையது. மாலையில் நாலு பேர் வெளியே கிளம்பும்போது, "அக்கா, நீங்களும் வாருங்கள்" என்று ஒரு வார்த்தை கூப்பிட மட்டும் மறக்க வேண்டாம்.